உப்புக்கொத்திகளை இறக்கிய குரல்

எங்கள் தெருவில் அவருக்கு ஹலோ என்றுதான் பெயர். பள்ளி ஆண்டுவிழா, தொழிற்சங்கக் கூட்டம், புதுக்கடைத் திறப்பு, எதுவானாலும் மேடையில் முதலில் ஒலிக்கிற குரல் அவருடையது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அவருக்குப் பின்னால் ஏறுகிறவர்கள் தொண்டை வறளப் பேசுவார்கள். ஆனால் ஊர் மனதில் நின்றது அந்த இரண்டு ஹலோ மட்டும்தான். வயதில் மூத்தவர்களுக்கு அவர் ஹலோ, என் போன்றவர்களுக்கு ஹலோ அண்ணன். அவருடைய மனைவி ஹலோ அக்கா. அக்கா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். "அவர் ஒரு வார்த்தை சொன்னா ஊரே காதைத் திறக்குது. நான் சொன்னா வாயை மட்டுந்தான் திறக்குறாங்க" என்பாள்.

என் மூக்குக்கண்ணாடிக் கடை அவருடைய மைக்செட் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. நடுவில் ஒரு குறுகிய தெரு, அவ்வளவுதான். அவர் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் புகை என் கடைக்கு வரும். உள்ளே ஹாரன் ஸ்பீக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடக்கும். ஒயர் சுருள்கள் ஆணிகளில் தொங்கும். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதன் தலையில் எந்நேரமும் ஒரு டீ டம்ளர். காது கூர்மையான மனிதர். தெருமுனையில் பஸ் திரும்பும்போதே, "பெல்ட் அறுந்துடும் போலிருக்கே" என்பார். ஆனால் மனிதர் பேச்சில் இருக்கிற பிசிறு மட்டும் அவருக்குக் கேட்காது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். வாடகைக்குப் போன மைக் உடைந்து திரும்பினாலும், "காத்துல விழுந்துடுச்சு" என்று சொன்னால் போதும், காற்றைத்தான் திட்டுவார்.

அக்காவின் தம்பி டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். தொழிற்சாலை மூடப்பட்டதும் ஒரு கைப்பையோடு இங்கே வந்தான். கொஞ்ச நாள் தங்கிப் போக வந்தவன் அப்படியே தங்கிவிட்டான். முப்பதைத் தாண்டியவன், சிரித்த முகம், வாய்ச்சாலகம். வாடகை பேச வருகிறவர்களைச் சிரிக்க வைத்தே மடக்கிவிடுவான். அண்ணன் கூச்சப்பட்டு விட்டுக்கொடுக்கிற இடத்திலெல்லாம் மச்சினன் முன்னால் வந்து நிற்பான். எங்கள் தெருவில் அவனைப் பிடிக்காதவர்கள் யாருமில்லை. நானே அவனுக்குக் குளிர்கண்ணாடி ஒன்றைச் சும்மா கொடுத்தேன்.

கடைச் சாவி ஒன்று அவன் இடுப்பில் ஏறியது. பெயர்ப்பலகையில் 'மற்றும் மைத்துனர்' என்று ஒரு வரி சேர்ந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. "எனக்கு இன்னொரு கை முளைச்ச மாதிரி இருக்கு தம்பி" என்று அண்ணன் ஒருநாள் என்னிடம் சொன்னார். அந்த முகத்தில் இருந்த நிறைவை நான் பார்த்தேன்.

ஊரின் கடைசி பஸ் நிறுத்தத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஆறு கடலில் கலக்கிற இடம். தண்ணீர் வடிந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு பளபளக்கும். அங்கே வந்து போகிற பறவைகளைக் கணக்கெடுக்கும் குழு ஒன்று இருந்தது. அதன் தலைவி கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவர். ஊருக்கு அவர் பறவைக்கார அம்மா. கரையில் அவர்கள் வைத்த ஒரு கூட்டத்துக்கு அண்ணன் மைக்செட் கட்டப் போயிருந்தார். வந்ததும் வராததுமாக அந்த அம்மா ஹாரனைச் சாலைப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டார். சேற்றில் இரை தேடுகிறவை மிரண்டு எழுந்துவிடுமாம். சத்தம் போதவில்லை என்றுதான் அண்ணன் காலமெல்லாம் திட்டு வாங்கியிருக்கிறார். சத்தம் வேண்டாம் என்று கேட்டவர் இவர்தான் முதல். அதனாலேயே மதிப்பு வந்துவிட்டது.

கூட்டம் முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சேற்றுவெளியின் மேலிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. இரண்டு சுரம், முதலாவது தாழ்ந்தது, அடுத்தது கேள்வி கேட்பதுபோல மேலே ஏறியது. எங்கிருந்தோ இன்னொன்று அதே மாதிரி பதில் சொன்னது. அவர் ஒயரைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிட்டார். அது பொன் உப்புக்கொத்தி என்று அம்மா சொன்னார். புறா அளவுகூட இல்லாத பறவை. முதுகில் பொன்னைத் தெளித்தது போன்ற புள்ளிகள்.

"இதுங்களுக்குச் சொந்த ஊரு எது மேடம்?" என்று கேட்டிருக்கிறார்.

"முட்டை வெக்கிற ஊரா, வயிறு நெறையிற ஊரா?" என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

பிறகு அவர் சொன்னவற்றை அண்ணன் பலநாள் என் கடையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்வார். வடகோடியில், மரமே முளைக்காத வெளியில், கோடையில் சூரியன் மறைவதே இல்லை. அப்போது அங்கே கொசுவும் புழுவும் கணக்கில்லாமல் பெருகும். குஞ்சு பொரித்து வளர்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் அந்த வளமை சில வாரங்கள்தான். பிறகு நிலம் உறைந்துவிடும், தின்ன எதுவும் இருக்காது. குளிருக்குப் பயந்து ஓடி வருவதாகத்தான் நாம் நினைக்கிறோம்; உண்மையில் அவற்றை விரட்டுவது பசி. கிளம்புவதற்கு முன் உடம்பு கிட்டத்தட்ட இரட்டிக்கிற அளவுக்குக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். பறக்கும்போது தேவைப்படாத குடலும் இரைப்பையும் சுருங்கிவிடும். சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தம் எல்லாவற்றையும் வைத்துத் திசை பிடிக்கும். இறங்க இடமில்லாத கடலைக் கடந்து, கொழுப்பெல்லாம் எரிந்து, எலும்பும் தோலுமாக இப்படிப்பட்ட சேற்றில் வந்து விழும்.

அண்ணனை உலுக்கியது வேறொரு செய்தி. பெரிய பறவைகள் முதலில் கிளம்பிவிடுமாம். அந்த வருடத்துக் குஞ்சுகள் பின்தங்கி, தின்று தேறி, பிறகு தாங்களாகவே புறப்படும். வழி காட்டத் தாய் தகப்பன் இல்லை. போகிற திசை உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எந்தச் சேறு நல்லது, எந்தக் கரையில் ஆபத்து என்பது அவற்றுக்குத் தெரியாது. கீழே தம் இனத்தின் குரல் கேட்டால், இங்கே இரை இருக்கிறது, பயமில்லை என்று நம்பி இறங்கும்.

"பெத்தவங்க முன்னாலயே போயிடுறாங்க தம்பி. அதுங்க பாட்டுக்குக் குரலை மட்டும் நம்பி வருதுங்க" என்றார்.

பறந்து போகிற கூட்டங்களை மூடுபனியிலும் மங்கிய வெளிச்சத்திலும் கண்ணால் எண்ண முடிவதில்லை. குரலைப் பதிவு செய்தால் எந்த இனம் எப்போது வருகிறது என்று தெரியும். அம்மா கேட்டதும் அண்ணன் ஒப்புக்கொண்டார். பழைய டிஷ் ஆன்டெனா ஒன்றை அறுத்துச் சீர்செய்து, நடுவில் மைக்கைப் பொருத்தி, தூரத்துக் குரலைக் குவித்துப் பிடிக்கிற கருவி ஒன்றைச் செய்தார். அதைத் தூக்கிக்கொண்டு அவர் தெருவில் போனால், சாம்பார் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு போகிறார் என்று மச்சினன் கேலி செய்வான். ஆனால் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவதும் அவன்தான்.

ஒருநாள் மழை வருகிற மாதிரி இருந்ததால், கருவிமேல் குடை பிடிக்க, மச்சினனுக்குப் பதில் அக்கா போனாள். அன்றைக்கு அண்ணனுக்கு வாய்த்தது போன்ற பதிவு அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, பின்பும் வாய்க்கவில்லை. உப்புக்கொத்திக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டு இறங்கியது. காற்று அடங்கியிருந்தது. ஒவ்வொரு குரலும் கண்ணாடிச் சில்லு மாதிரித் தெளிவாக விழுந்தது. அது உச்சத்தில் இருக்கும்போது முதல் தூறல் விழ, அக்கா பின்னாலிருந்து, "என்னங்க, குடை எங்க வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டாள். வீடு திரும்புகிறவரை அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். அந்த இடத்தை வெட்டியெடுத்துவிட்டு மீதியை அம்மாவுக்குக் கொடுத்தார். வெட்டாத முழுப் பதிவு கடைக் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது.

அடுத்த வலசைப் பருவத்தில் கணக்கு குறைந்தது. வானத்தில் குரல் கேட்கிறது, ஆனால் சேற்றில் இறங்குகிறவை கொஞ்சமாகத்தான் இருந்தன. வேறு பறவைகள் வழக்கம்போல வந்தன. உப்புக்கொத்திகள் மட்டும் எங்கோ மறைந்துகொண்டிருந்தன. யாரோ வலை கட்டுகிறார்கள், நகரத்து ஓட்டல்களுக்குப் போகிறது என்று பேச்சு எழுந்தது. அந்தப் பறவைகளைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஒரு நாட்டில் பொரித்து, பல நாடுகளில் இறங்கி, இன்னொரு நாட்டில் பசியாறுகிற உயிரை எந்த நாடும் தனியாகக் காப்பாற்றிவிட முடியாது, வழியில் ஒரே ஒரு கரை கைவிட்டாலும் மற்றவர்கள் பாடுபட்டதெல்லாம் வீண் என்று அம்மா கூட்டம் போட்டுச் சொன்னார். குழு முறைவைத்துக் காவல் இருந்தது. அண்ணனும் ஒரு முறை எடுத்துக்கொண்டார்.

யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், எந்தப் பக்கம் ஆள் இல்லை என்பதையெல்லாம் டீ குடித்துக்கொண்டே மச்சினனிடம் சொல்லுவார். வீட்டு ஆள்தானே. அவனும் கேட்டுவிட்டு வருத்தமாகத் தலையாட்டுவான். "நானும் வரேன் மாமா, ரெண்டு கண்ணு கூட இருக்கட்டும்" என்று சில நாள் காவலுக்குக்கூடப் போய்வந்தான்.

ஒருநாள் அண்ணன் மைக்செட் கட்ட வேண்டிய கூட்டம் மழையால் ரத்தானது. சாயங்காலம் வானம் வெளுத்ததும், முறை இல்லாதபோதும், அண்ணன் கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போகும்போது என்னிடம் கையசைத்துவிட்டுத்தான் போனார். கரையின் மறுகோடியில், கைவிடப்பட்ட படகுப் பட்டறை இருக்கிற பக்கமிருந்து, பெரிய உப்புக்கொத்திக் கூட்டமொன்று கூப்பிடுவது ஹெட்போனில் கேட்டது. அவருக்கு மனசு குளிர்ந்துபோனது. வந்துவிட்டன, இடத்தைத்தான் மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தார். கருவியை அந்தப் பக்கம் திருப்பி, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். மேலே சில இளம் பறவைகள் பதில் சொல்லிக்கொண்டே தாழ்ந்து வந்தன.

அப்போது அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து அவருடைய மனைவி, "என்னங்க, குடை எங்க வெச்சீங்க?" என்றாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. அந்த நேரத்தில் அக்கா மருத்துவமனையில் இருப்பாள். மறுபடி மாட்டிக்கொண்டார். பறவைகள் அழைத்துக்கொண்டிருந்தன. அதே ஏற்றம், அதே இறக்கம், தூறல் விழுகிற அதே மெல்லிய சத்தம், மறுபடியும் அக்கா. மூன்றாம் தடவை கேட்கும்வரை அவர் அசையவில்லையாம். புரியாமல் இல்லை. புரிந்ததை ஒத்துக்கொள்ள அவ்வளவு நேரம் ஆனது.

சத்தம் வந்த பக்கம் நடந்தார். பட்டறைக்குப் பின்னால் கழிகள் நட்டு, அருகில் போனாலொழியத் தெரியாத மெல்லிய நைலான் வலைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. வலையெங்கும் பறவைகள் தொங்கின. சில துடித்தன, சில ஓய்ந்திருந்தன. புதருக்குள் அவருடைய கடை ஹாரன், அவருடைய பேட்டரி. கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் மச்சினன் உட்கார்ந்து, ஒரு பறவையின் காலிலிருந்து வலை இழையைப் பக்குவமாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு சாக்கு அசைந்துகொண்டிருந்தது.

"மாமா" என்றான்.

அண்ணன் முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். கீழே குரல் நின்றது. மேலே சுற்றியவை மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன.

"ஊர்ல இல்லாததையா நான் செஞ்சுட்டேன் மாமா? நான் செய்யலன்னா வேற ஆளு செய்வான்."

"எதை வெச்சு செய்வான்? இது நான் எடுத்தது."

"பறவையோட குரல்தானே. உங்க குரலா?"

"அதோட குரல்தான்டா. அதனாலதான் அது நம்பி வருது."

மச்சினன் கையிலிருந்த பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அண்ணன் சொன்னார். அதற்கு அவன், "கேட்டா குடுத்திருக்க மாட்டீங்களே" என்றான்.

"அப்ப தெரிஞ்சுதான் செஞ்சிருக்க" என்றார் அண்ணன். சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற ஒயர் வெட்டும் குறட்டை எடுத்து வலையை அறுக்கத் தொடங்கினார். மச்சினன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். உயிரோடிருந்தவற்றை அண்ணன் ஒவ்வொன்றாக விடுவித்தார். சாக்கிலிருந்தவற்றுக்குப் பறக்க முடியவில்லை. பறந்துவிடாமலிருக்கச் சிறகின் இறகுகளைப் பிடுங்கியிருந்தான். அவற்றைச் சட்டையில் சுற்றிக்கொண்டு, பனியனோடு பறவைக்கார அம்மா வீட்டுக்கு நடந்தார். எல்லாமே அந்த வருடத்துக் குஞ்சுகள் என்று அம்மா பார்த்ததும் சொன்னார்.

அக்கா வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார். குழாயை மூட அவளுக்கு மறந்துவிட்டது. தம்பி செய்தான் என்பதைவிட, தன் குரல் அதில் இருக்கிறது என்பதுதான் முதலில் அவளுக்குள் இறங்கியது. அவன் உள்ளே வந்ததும் அவள் கேட்டது அதைத்தான்.

"என் குரல் அதுல இருக்குன்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்" என்றான். பிறகு, கடை விஷயம் பேசுகிற அதே இயல்பான குரலில், "வெட்டினா பக்கத்துல இருக்கறதும் போயிடும்க்கா. அந்த இடத்துலதான் குரல் நல்லா இருக்கு" என்றான்.

அவன் அன்றே கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனான்.

வனத்துறையில் புகார் கொடுக்கத்தான் வேண்டும் என்பதில் அண்ணனுக்கு இரண்டாவது யோசனை இல்லை. ஆனால் அதற்குமுன் இன்னொரு அடி விழுந்தது. பறவைக்கார அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பாக நினைக்க வேண்டாம், கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று தொடங்கி, அந்தப் பதிவை அவரே யாருக்காவது கொடுத்தாரா என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். ஹாரன் அவருடையது, பேட்டரி அவருடையது, காவல் விவரமும் அவர் வாயிலிருந்துதான் போயிருக்கிறது. "இல்ல மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். என் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "அவங்க மேல தப்பில்ல. ஆனா கேட்டுட்டாங்களே தம்பி" என்றார்.

விசாரணை வனத்துறை அலுவலகத்தில், மின்விசிறி கடகடத்த ஒரு அறையில் நடந்தது. நானும் போயிருந்தேன். மச்சினன் சவரம் செய்து, நான் கொடுத்த குளிர்கண்ணாடியைச் சட்டையில் தொங்கவிட்டு வந்திருந்தான். அவன் வக்கீல் முதலில், அந்தக் குரல் இணையத்தில் யாருக்கும் கிடைக்கிற ஒன்று என்றார். அம்மா தம்மிடமிருந்த பதிவைக் கொண்டுவந்து போட்டுக்காட்டினார். அதில் அக்காவின் குரல் இல்லை; வலைக்குப் பக்கத்தில் கைப்பற்றிய பதிவில் இருந்தது. அப்படியானால் முழுப் பதிவு கடையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றானது. உடனே மச்சினன் பேச்சை மாற்றினான். தலையைக் குனிந்துகொண்டு, "மாமாதான் குடுத்தாரு. அவர் சொல்லித்தான் செஞ்சேன். சொந்தக்காரர்னு இவ்வளவு நாள் வாயைத் திறக்கல" என்றான்.

அண்ணன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். வலைக்குப் பக்கத்தில் நின்றபோது இருந்த கோபம்கூட அந்த முகத்தில் இல்லை. மறுத்துப் பேசவும் அவருக்குத் தோன்றவில்லை. அதிகாரி இரண்டு முறை கேட்டும் அவர் பதில் சொல்லவில்லை. வாயடைத்துப் போனவரைக் குற்றவாளி என்று நினைக்க யாருக்கும் அதிக நேரம் ஆகாது. அறையின் காற்று அப்படித் திரும்பியது.

அக்காவைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடவில்லை. நான் வரமாட்டேன், ஆனால் தடுக்கவும் மாட்டேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும் வந்து, அறைக்கு வெளியே பெஞ்சில், வேலையுடையோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டிருக்கிறது. உள்ளே வந்து அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அது என் குரல்" என்றாள். "குடையைக் கேட்டது நான்தான்."

அதிகாரி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அந்தப் பேச்சை வெட்டினால் பறவைக் குரல் கெட்டுவிடும் என்பதால் வெட்டவில்லை என்று தம்பியே வீட்டில் தன்னிடம் சொன்னதைச் சொன்னாள். பதிவு எங்கே இருந்தது, யார் யாரிடம் சாவி இருந்தது, கணவர் அன்று எந்தக் கோலத்தில் வீடு வந்தார் என்பதையும் சொன்னாள். கையிலிருந்த பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா" என்றான் மச்சினன்.

"என்னைத் திருடினது போகட்டும்டா. அவரைத் திருடன்னு சொல்லிட்டியே" என்றாள் அவள். அதிகாரியைப் பார்த்து, வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், மச்சினனுக்குச் சில மாதச் சிறையும் அபராதமும் கிடைத்தன. அத்தோடு முடிந்திருந்தால் தேவலை. பருவம் முடியும் தறுவாயில் பறவைக்கார அம்மா கடைக்கு வந்தார். வெகு தூரத்தில், வேறொரு கடற்கரையில் காவல் காக்கிற குழுவிலிருந்து வந்த பதிவு ஒன்று அவருடைய போனில் இருந்தது. அங்கே பிடிபட்ட ஒலிப்பெட்டி ஒன்றை ஓடவிட்டுப் பதிந்து அனுப்பியிருந்தார்கள். பழகாத மொழியில் யாரோ பேசுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உப்புக்கொத்திகள் கூப்பிடுகின்றன. பிறகு அக்கா குடையைக் கேட்கிறாள். மச்சினன் பதிவை எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறான், அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பறவைகள் இறங்கிப் போகிற கரைகளுக்கெல்லாம் அவை போய்ச் சேருமுன் அந்தக் குரல் போய்ச் சேர்ந்திருந்தது. "அதை யாராலயும் திரும்ப வாங்க முடியாது" என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டு, தாம் முன்பு கேட்ட கேள்விக்காக மன்னிப்புக் கேட்டார். அண்ணன் டீ வரவழைத்தார். ஆனால் முன்பு இருந்த ஒட்டுதல் அந்தப் பேச்சில் இல்லை.

அக்கா இதைக் கேள்விப்பட்ட பிறகு வெளியிடங்களில் குரலை உயர்த்திப் பேசுவதை விட்டுவிட்டாள். கடைவீதியில் கணவரைக் கூப்பிட வேண்டுமானால் பக்கத்தில் போய்த் தோளைத் தொடுவாள். கேலிப் பேச்சும் குறைந்துவிட்டது.

அண்ணன் ஒலிப்பதிவை நிறுத்தினார். டிஷ்ஷைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார். ஆனால் கரையைக் கைவிடவில்லை. அம்மாவோடு கடலோரக் கிராமங்களுக்குப் போய், ஒரே அழைப்பு கொஞ்சமும் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது பறவை அல்ல என்று காவல் இருக்கிறவர்களுக்கும் மீனவர்களுக்கும் எடுத்துச் சொன்னார். அதை வைத்துச் சில பெட்டிகள் பிடிபட்டன. சிக்காதவை எத்தனை என்று யாருக்குத் தெரியும்? தான் நேசித்துப் பிடித்த ஒன்றை எதிரியாகத் தேடி அலைவது எப்படியிருக்கும் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

சிறையிலிருந்து வந்த மச்சினன் ஒரு மதியம் கடைவாசலில் நின்றான். நான் எதிரிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆள் இளைத்திருந்தான். அண்ணன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவன் உட்கார்ந்து, தப்புதான் மாமா என்றான். பெயர்ப்பலகையில் பெயிண்ட் அடித்து மறைத்திருந்த வரியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யார் யாருக்குக் கொடுத்தாய்? அவன் சில பெயர்களைச் சொன்னான். மற்றவர்கள் கைமாற்றிவிட்டார்கள், அவர்களைத் தனக்குத் தெரியாது என்றான்.

"அக்காவப் பாக்கலாமா?" என்று கேட்டான்.

"அவளைக் கேளு. நான் குறுக்க வரமாட்டேன்."

அவன் எழுந்தான். எங்கள் தெருவில் எந்தக் கடையிலும், வாங்காமல் போகிறவரைக்கூட, போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புவோம். அண்ணன் குனிந்து பற்றவைக்கிற வேலையைத் தொடர்ந்துகொண்டே, "சரி, போ" என்றார். அக்கா அவனைப் பார்த்தாள் என்றும், தெருமுனையிலேயே நின்று பேசிவிட்டு வந்தாள் என்றும் கேள்வி. என்ன பேசினாள் என்று அண்ணன் விசாரிக்கவில்லை.

இந்த வருடம் பருவம் தொடங்கியதும் என்னையும் ஒருமுறை கூட்டிப்போனார். வெயில் தாழ்ந்திருந்தது. நீர் வடிந்த சேற்றில் சின்னச் சின்னப் பறவைகள் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் தலைக்கு மேலே அந்தச் சீழ்க்கை கேட்டது. அவர் எத்தனையோ முறை வர்ணித்ததை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். "அண்ணே, என்ன அழகா கூப்பிடுது" என்றேன்.

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "இரு. இன்னொரு தடவை கேக்கட்டும்."

மறுபடி கேட்டது. முதலில் கேட்டது போல இல்லை. கொஞ்சம் நீண்டு, நடுவில் உடைந்து வந்தது. பறவைகள் எங்களைக் கடந்து, சாய்ந்து, சேற்றில் இறங்கி நடக்கத் தொடங்கின. முதுகில் வெயில் பட்டுப் பொன்னாக மின்னியது. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது அண்ணன் பறவைகளைப் பார்க்கவில்லை. கரையோரப் புதர்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.